பாவம் ஒட்டாத பங்கு கேக்குதான் மருமவன்

ஏல மருமவனே, நீ வாட்ஸப்புல அனுப்பின பட்டியலப் படிச்சேன். கண்ணாடிய மாத்திப் போட்டுக்கிட்டு இன்னொரு மட்டமும் படிச்சேன். சிகரெட்டு கூடாது, சாராயம் கூடாது, சூதாட்டம் கூடாது, துப்பாக்கி செய்யுதவன் கூடாது, காட்டை அழிக்குதவன் கூடாது, ஆத்துல சாயத்தண்ணி விடுதவன் கூடாது, கூலியக் கொறைக்குதவன் கூடாது. ஏழு கூடாது. எந்த மடத்துலடே போய்ச் சேந்தான் இந்தப் பயன்னு எனக்குப் பகீர்னு ஆயிட்டு. பொறவு கடைசி வரிக்கு வந்தேன்: 'வருசத்துக்குப் பதினஞ்சு சதமாவது வரணும் மாமா.' அப்பந்தான் உசுரு வந்துச்சு. நம்ம வீட்டுப் பிள்ளைதான், சந்தேகமே இல்ல.

பத்து லட்சம் சேத்து வச்சிருக்க. நல்லது. அதை எங்க போடணும்னு பீடிக்கடையில கணக்கெழுதி ரிட்டயரான கெழவன்கிட்ட கேக்க. அதுவும் நல்லதுதான். ஒங்க ஆபீஸ்ல கோட்டு போட்டு வந்து படம் காட்டுதவன் கமிசன் வாங்குவான். எனக்கு ஒரு டம்ளர் காப்பியோட சோலி முடிஞ்சிரும்.

மொதல்ல புகையிலையில ஆரம்பிப்போம். வள்ளுவரு கள்ளுண்ணாமைக்குப் பத்துப் பாட்டு வச்சாரு, சூதுக்குப் பத்து வச்சாரு. புகையிலைக்கு ஒண்ணு கூட வைக்கல. அவரக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல. அந்தச் சரக்கு பறங்கிக்காரன் கப்பல்ல வந்து எறங்குததுக்கு அவரு காலத்துக்குப் பொறவு எத்தனையோ நூறு வருசம் ஆச்சு. ஆகக்கூடி இந்த விசயத்துல மேற்கோள் கெடைக்காது. நாமளேதான் ரோசிக்கணும்.

ரோசிக்க ஒனக்கு எடம் இல்லாமலா போச்சு? ஒங்கம்மை மடியிலதான் சொளகு இருந்துச்சே. முந்தின நாளே பீடி இலைய நனைச்சு ஈரச் சாக்குல பொதிஞ்சு வைப்பா. விடியக்காலம் தகரத் தகட்டை இலை மேல வச்சுக் கத்திரியால அளவா வெட்டுவா. பொறவு நரம்பச் சீவி, ஒரு சிமிட்டா தூளைப் பரத்தி, ஒரே உருட்டு. நூலைச் சுத்தி, தலைய மடக்கிக் கட்டுல போட்டுருவா. கண்ணு டி.வி. நாடகத்துல இருக்கும், வெரலு தன்னால ஓடும். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காட்டுலேருந்து வரும். தூளு குஜராத்து, கர்நாடகத்துப் பக்கம். அதெல்லாம் நம்ம முக்கூடலுக்கு வந்து, ஒங்கம்மை கையில பீடியாகி, ஆயிரத்துக்கு இம்புட்டுன்னு கூலியாகி, ஒன் பள்ளிக்கூடப் பையா ஆச்சு. அஞ்சாங்கிளாசுல ஒனக்கு வந்த ஸ்காலர்ஷிப்பு பீடித் தொழிலாளர் நல நிதியில வந்தது. இன்ஜினியரிங்கு மொத வருச ஃபீசு ஒங்கம்மை பி.எஃப்.ல எடுத்த பணம். கடைத் திண்ணையில வச்சு அந்தப் படிவத்தைப் பூர்த்தி பண்ணினவன் நாந்தான்.

அந்தப் பி.எஃப்.க்கு ஒரு கதை இருக்கு, கேளு. 2015 ஆகஸ்டுல பி.எஃப். நிறுவனம் பங்குச் சந்தைக்குள்ள கால வச்சுது. தனித்தனியா கம்பெனி பாத்து வாங்கல. நிஃப்டி, சென்செக்ஸ்னு மொத்தக் கட்டா வாங்குத இ.டி.எஃப். அந்தக் கட்டுக்குள்ள சிகரெட்டுக் கம்பெனி ஐ.டி.சி.யும் உண்டு. வெளங்குதா? பீடி சுத்துத பொம்பளையோட கூலியில பிடிச்ச பணம், பீடிக்குப் போட்டிக்காரனான சிகரெட்டுக் கம்பெனியில போய் உக்காந்திருக்கு. ஒங்கம்மைகிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா, 'வட்டி எம்புட்டுடே வரும்?'னு கேட்டிருப்பா.

ஒன்ன மடக்குததுக்காக இதைச் சொல்லல. பீடி சுத்துன வீட்டுல பொறந்தவன் புகையிலைப் பங்கு வேண்டாங்கான்னா அதுல ஒரு ஞாயம் இருக்கு. ஒன் ஏழு கூடாதுல அது ஒண்ணுதான் ஒன் சொந்தச் சரக்கு. மிச்சம் ஆறும் எவனோ கேண்டீன்ல பேசினதைக் கேட்டு எழுதினது. கையெழுத்தே மாறியிருக்கும், டைப் அடிச்சதால தப்பிச்ச.

சரி, அந்த ஐ.டி.சி. கதையக் கேளு. 1910-ல கல்கத்தாவுல இம்பீரியல் டொபாக்கோ கம்பெனின்னு பொறந்துச்சு. இன்னைக்குப் பேருல டொபாக்கோ இல்ல, வெறும் மூணு எழுத்து. ஆசீர்வாத் கோதுமை மாவு அவங்களோடது. சன்ஃபீஸ்ட் பிஸ்கட்டு, கிளாஸ்மேட் நோட்டு, சாவ்லான் சோப்பு, எல்லாம் அவங்கதான். நீ ஒன் பட்டியல எழுதி முடிச்சிட்டு, சாமி படத்துக்கு முன்னால மங்கள்தீப் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டியே, அதுவும் அவங்கதான். பங்கு வாங்குனாப் பாவம், பத்தி கொளுத்துனாப் புண்ணியமாக்கும்? ஆனா ஒண்ணு: மாவும் நோட்டும் எம்புட்டு வித்தாலும், லாபத்துல பெரும்பங்கு இன்னும் சிகரெட்டுலதான் வருது. அதனால 'மாவுக் கம்பெனிதானே'ன்னு சாக்குச் சொல்லி வாங்குதவன் பேச்சையும் நம்பாத.

அந்தக் கம்பெனியில பங்கு வச்சிருக்கது ஆரு? பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோகாரனுக்கு இருவது சதத்துக்கு மேல. நம்ம எல்.ஐ.சி.க்குப் பதினஞ்சு சதம் போல. பழைய யூனிட் டிரஸ்டு வழியா மத்திய சர்க்காருக்கும் எட்டு சதம் போல. பெட்டியில எண்பத்தஞ்சு சதம் எடத்துல புத்துநோய்ப் படத்தைப் போடுன்னு உத்தரவு போட்டு 2016-ல அமலுக்குக் கொண்டாந்ததும் அதே சர்க்காருதான். ஒரு கை படத்தை ஒட்டுது, ஒரு கை டிவிடெண்டு வாங்குது. சுகாதாரத்துக்குன்னு இருக்கவன் நடுவுல நின்னு முழிக்கான். உயிருக்கு இன்சூரன்ஸ் போடுத கம்பெனி உயிரை எடுக்குத சரக்குல எதுக்குடே பங்கு வச்சிருக்குன்னு 2017-ல மும்பை ஹைகோர்ட்டுல பொதுநல வழக்கே போட்டாங்க. எங்கிட்ட எல்.ஐ.சி. பாலிசி இருக்கு. ஒங்கிட்டயும் இருக்கு, நாந்தான் போட்டு விட்டேன். ஆகவே நாம ரெண்டு பேரும் ஏற்கெனவே கூட்டாளிதான், கவலைப்படாத.

இன்னொரு வேடிக்கை. கம்பெனிகளோட நல்ல கொணத்துக்கு மார்க்கு போடுத உலகப் பெரிய நிறுவனம் ஒண்ணு இருக்கு. அது ஐ.டி.சி.க்கு 'ஏஏ' போட்டிருக்கு. மரம் நட்டிருக்காங்க, தண்ணி சேமிக்காங்க, கரிப்புகையைக் கொறைச்சிருக்காங்க. பொய்யில்ல, செஞ்சிருக்காங்க. அந்த மார்க்கு என்ன சொல்லுதுன்னா, சிகரெட்டைச் சுத்தபத்தமா செய்யுதாங்கன்னு. சிகரெட்டு நல்லதுன்னு அது சொல்லல. நீ ரெண்டையும் ஒண்ணாப் படிக்காத.

இப்ப ஒரு கசப்பான சங்கதி. நீ அந்தப் பங்கை வாங்காம விட்டா கம்பெனிக்கு என்ன நட்டம்? ஒண்ணுமில்ல. நீ சந்தையில வாங்குதது எவனோ ஏற்கெனவே வச்சிருந்த பங்கு. மேலப்பாளையம் சந்தையில கை மாறுத மாட்டுக்கு, அதை மொதல்ல வளத்தவனுக்குக் காலணா போகாதுல்லா, அந்தக் கணக்குத்தான். புதுசாப் பங்கு வெளியிடும்போது கொடுக்குத பணமும், கடனாக் கொடுக்குத பணமுந்தான் கம்பெனிப் பெட்டிக்குப் போகும். ஆஸ்திரேலியாவுல அதானி நிலக்கரிச் சுரங்கம் தோண்டப் போனப்ப உலகத்துப் பெரிய பாங்குகள் பலது கடன் கெடையாதுன்னுட்டுது. கடைசியில 2018-ல திட்டத்தைச் சுருக்கிக் கைக்காசைப் போட்டுத்தான் தொடங்குனாங்க. அங்க 'மாட்டேன்'ங்குத வார்த்தைக்கு ஒரு வெயிட்டு இருந்துச்சு. சிகரெட்டுக் கம்பெனிக்கு அப்படி ஒரு கடனும் தேவையில்ல, ஒன் பத்து லட்சமும் தேவையில்ல. அதுவே வருசா வருசம் டிவிடெண்டைக் கொட்டிக்கிட்டு இருக்கு.

சரி, நல்லவன் எல்லாம் ஒதுங்குனா என்ன ஆகும்? பங்கு கொஞ்சம் மலிவாகும். மலிவா வாங்குன கெட்டிக்காரனுக்குக் கொடுத்த காசுக்கு லாபம் கூடும். அதாவது ஒன் புண்ணியம் அவனுக்குத் தள்ளுபடி. ஆராய்ச்சிக்காரங்க இதை அமெரிக்காவுல வருசக்கணக்கா அளந்து பாத்து, சாராயம், புகையிலை, சூதாட்டப் பங்குகள் மத்ததை விடக் கூடவே கொடுத்திருக்குன்னு எழுதி வச்சிருக்காங்க.

பெரிய கைகளும் இதுல சுட்டுக்கிட்டுத்தான் இருக்கு. நார்வே நாட்டு அரசாங்க நிதி இருக்கே, உலகத்துலயே பெரிய உண்டியல்கள்ல ஒண்ணு, அது 2010-ல சிகரெட்டு செய்யுதவங்களை மொத்தமா வெலக்கி வச்சுது. நம்ம கல்கத்தாக் கம்பெனியும் அந்தப் பட்டியல்ல உண்டு. அதனால லாபம் கொஞ்சம் கொறைஞ்சுதான் போச்சுன்னு அவங்களே கணக்கை வெளிய போடுதாங்க, ஒளிக்கல. அந்த உண்டியல் நெறைஞ்சது எதுல? வடகடல்ல தோண்டுன எண்ணெயில. எண்ணெய் விக்கலாம், பீடிப் பொகை ஆகாது! அதுக்காக அவங்களைக் கேலி பண்ணிக்கிட்டே இருக்க முடியாது; எங்கயாவது ஒரு எடத்துல கோட்டைக் கிழிச்சுத்தானே ஆகணும். கலிஃபோர்னியாவுல அரசு ஊழியர் பென்சன் நிதியான கால்பெர்ஸ் 2000-லயே புகையிலைய விட்டுட்டுது. பதினஞ்சு வருசம் கழிச்சு, இதால முன்னூறு கோடி டாலர் போல கைவிட்டுப் போச்சேன்னு கணக்கு வந்து நின்னுது. திரும்ப வாங்கிருவோமான்னு பேசுனாங்க. 2016 கடைசியில ஓட்டுப் போட்டு, வேண்டாம்னே முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு அதுதான் பிடிச்சுது. வெலை என்னன்னு தெரிஞ்சு கொடுத்திருக்காங்க. நீ என்னன்னா புண்ணியமும் வேணும், அதுக்கு மேல பதினஞ்சு சதமும் வேணுங்க. இலவச இணைப்பா கேக்க?

ஒன் ஆபீசுக்கு வந்தவன் 'பசுமை ஃபண்டு'ன்னு ஒண்ணைக் காட்டினானே, அதுக்கு வருவோம். பசுமை முதலீடு ஒன் காலத்துல வந்ததுன்னு நெனைக்காத. தொண்ணூறுகள்லயே தேக்கு மரக் கம்பெனிங்க வந்தாச்சு. கன்னுக்கு இம்புட்டுக் கட்டு, இருவது வருசத்துல லட்ச லட்சமா வரும், பூமிக்கும் நல்லதுன்னாங்க. நம்ம வாத்தியாருங்க பூரா கட்டினாங்க. மரமும் வரல, ஆளும் வரல. அந்தக் கூத்துக்குப் பொறவுதான் சந்தையக் கண்காணிக்குத செபி 1999-ல கூட்டு முதலீட்டுத் திட்டத்துக்குச் சட்டதிட்டம் கொண்டாந்துச்சு. 2012-ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி. அதுல என்ன பாவம் இருந்துச்சு? விவசாயம், கோழி, எண்ணெய், இறகு. பாவமே இல்லாத தொழிலு. மொதலும் இல்லாமப் போச்சு. நல்ல காரியம்னு ஒருத்தன் சொல்லும்போது நம்ம கை பைய பாக்கெட்டுக்குப் போயிருது, கணக்குக் கேக்க வாய் வரமாட்டேங்கு. அதைத்தான் அவனும் எதிர்பாக்கான்.

இப்ப இருக்க ஃபண்டு அப்படி ஓடிப்போகாது, செபி பாத்துக்கிட்டு இருக்கு. ஆனா கட்டணத்தைப் பாரு. அவன் காட்டுனது ரெகுலர் பிளான். கமிசன் இல்லாத டைரக்டை விட வருசத்துக்கு ஒரு சதம் கிட்ட கூட எடுப்பான். ஒரு சதம்தானேம்ப. பத்து லட்சம் இருவது வருசம் பன்னெண்டு சதத்துல வளந்தா 96 லட்சத்து 46 ஆயிரம். பதினொண்ணுல வளந்தா 80 லட்சத்து 62 ஆயிரம். பதினஞ்சே முக்கால் லட்சத்துக்கு மேல வித்தியாசம்டே! அது காட்டுக்கும் போகல, ஆத்துக்கும் போகல, கோட்டு போட்டவன் வீட்டு மாடிக்குப் போகுது. சிகரெட்டு, சாராயம், சூது, ஆகாத ஆயுதம் இதெல்லாம் கழிச்ச நிஃப்டி 100 ஈ.எஸ்.ஜி. மாதிரி குறியீடு இருக்கு. அதைப் பின்தொடருத ஃபண்டு எது சல்லிசா இருக்குன்னு பாரு. அதுலயும் பாங்குங்க இருக்கும்; அந்தப் பாங்கு ஆருக்கெல்லாம் கடன் கொடுக்குன்னு நோண்டப் போனா ஒனக்கு ராத்திரித் தூக்கம் வராது.

ஒரு கம்பெனி நெசமாவே எப்படின்னு தெரியணும்னா ஒரு வழி சொல்லுதேன். பெரிய ஆயிரம் கம்பெனிங்க 2022-23லேருந்து பொறுப்பு அறிக்கை ஒண்ணு கட்டாயம் வெளியிடணும். மொதப் பக்கத்துல மரம் நடுத போட்டோ இருக்கும், அதைத் தள்ளு. உள்ள போனா, நிரந்தரத் தொழிலாளி எத்தனை, ஒப்பந்தக்காரன் எத்தனை, வேலையில அடிபட்டு செத்தது எத்தனை, கொறைஞ்சபட்சக் கூலிக்கு மேல வாங்குதது எத்தனை பேருன்னு கட்டம் கட்டமா இருக்கும். அதைப் படி. கடையில செக்கிங்குல கழிச்ச பீடியும் கழிக்காத பீடியும் ஒரே மூட்டைக்குள்ள போனதைக் கண்ணால பாத்தவன் நான். அட்டைய விட கட்டம்தான் உண்மை பேசும்.

இந்தத் தொல்லையே வேண்டாம், சர்க்காரு பத்திரத்துல போட்டுருதேங்கியா? ரிசர்வ் பாங்கு 2021-ல திறந்த ரீடெயில் டைரக்டுல மாநிலக் கடன் பத்திரமும் வாங்கலாம். வாங்கு. 2023-24ல டாஸ்மாக்கால தமிழ்நாட்டுக் கஜானாவுக்கு வந்தது 45,855 கோடி. ஒனக்கு வட்டி வருததும் அதே கஜானாவுலேருந்துதான். சாராயப் பங்கு வேண்டாம்னுட்டு, கடைக்காரனுக்கே கடன் கொடுத்திருப்ப.

மேலப்பாளையத்துல எனக்கு ஒரு துணிக்கடை பாய் சிநேகிதம். அவருக்கு வட்டி ஆகாது. பாங்குல சேமிப்புக் கணக்குல வட்டி விழுந்தா, பைசா சுத்தமா எழுதி வச்சு, நன்மைன்னு கணக்கு வைக்காம ஆராவது கஷ்டப்பட்டவனுக்குக் கொடுத்துருவாரு. டாடா எத்திகல் ஃபண்டு 1996-லேருந்து இருக்கு, வட்டிக் கம்பெனி, பாங்கு எதுவும் தொடாதது, அதுல போடுதாரு. பாங்குப் பங்குக எகிறுத வருசம் அவருக்குக் கொறையும். 'என்ன பாய், போச்சே'ன்னு நான் சீண்டுவேன். 'போனது போச்சு வே, நம்ம கணக்கு வேற'ம்பாரு, அடுத்த துணிய மடிப்பாரு. ஒரு நாளும் அந்த ஃபண்டுதான் எல்லாத்தையும் விட கூடக் கொடுக்கும்னு அவரு யார்கிட்டயும் வாதாடினதில்ல. ஏழு கூடாதும் அவருக்கு இல்ல. ஒண்ணு, அதுவும் கல்லுல வெட்டுனது.

என்னயக் கேட்டா, நானும் சிகரெட்டுப் பங்கு வாங்குனதில்ல. தத்துவம் ஒண்ணும் இல்ல, தூளு சலிக்குத எடத்துக்குப் பக்கத்துல என் மேசை கெடந்துச்சு, அம்புட்டுத்தான். கூட வேலை பாத்தவன் அந்தப் பங்கை வாங்கிப் போட்டு மக கல்யாணத்தை முடிச்சான். சாப்பாடு பிரமாதம், ரெண்டு பந்தி உக்காந்தேன்.

அதனால நீ செய்ய வேண்டியது: ஏழுல அஞ்சையோ ஆறையோ அடி. மிச்சத்துக்கு வருசத்துல ஒரு சதம், ரெண்டு சதம் போனாலும் போகட்டும்னு மனசுல எழுதிக்க. பதினஞ்சு சதத்தை அழிச்சிரு. அது பாவம் செஞ்சவனுக்கே எல்லா வருசமும் கெடைக்கல. ஆறு மாசச் செலவுக்குப் பாங்குல வை. மிச்சத்தை ஒரே நாள்ல போடாம மாசா மாசம் பிரிச்சுப் போடு. நாமினி எடத்துல ஒங்கம்மை பேரை எழுது; மொபைல் ஆப்புல அந்தக் கட்டத்தை எல்லாரும் தாண்டிப் போயிருதானுவ.

பொறவு, கோவிச்சுக்காத, ஒரு சின்ன விசயம். போன ஜனவரில எங்கிட்ட என் பான் நம்பரைக் கேட்டியே, ஞாபகம் இருக்கா? நீ கூட்டாளிங்களோட பங்கு போட்டுக் கொடுக்குத வாடகை எட்டாயிரம்; வரியக் கொறைக்க ஆபீசுக்குக் காட்ட இருவத்தஞ்சாயிரத்துக்கு ரசீது வேணும், வருசத்துக்கு லட்சம் தாண்டுனா வீட்டுக்காரன் பான் கேக்கானுவ, அதனால மாமா வீட்டுக்காரரா இருக்கணும்னே. நான் இல்லன்னேன். தென்காசிச் சித்தப்பா கொடுத்துட்டாராம். சென்னையில ஒரு செங்கல்லு கூட இல்லாத மனுசன், ஒன்னால வீட்டுச் சொந்தக்காரரு ஆயிட்டாரு, வாழ்க.

ஒன் பட்டியல்ல எட்டாவதா இதைச் சேக்கலாமான்னு பாரு. இதுல ஒரு சௌகரியம், எம்புட்டு செலவாகும்னு இப்பவே தெரியும். மதிப்பீட்டு வருசம் முடிஞ்சு பன்னெண்டு மாசத்துக்குள்ள அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டா, விட்டுப் போன வரியும் வட்டியும் சேந்த தொகைக்கு மேல இருவத்தஞ்சு சதம் கூடக் கட்டணும். அடுத்த வருசத்துக்குத் தள்ளுனா அம்பது. பொறவு அறுவது, எழுவது. பத்து லட்சத்துல அதுக்கு மொதல்ல எடுத்து வச்சிட்டு மிச்சத்தை முதலீடு பண்ணு. பாளையங்கோட்டையில நமக்குத் தெரிஞ்ச ஆடிட்டர் இருக்காரு, ஞாயித்துக்கெழமையும் இருப்பாரு. நீ வாரேன்னு சொல்லி வைக்கவா?